பழைய ஃபோர் வீல் வண்டியில் இருப்பது எந்த கியர் பாக்ஸ்? கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய ஜீப்புக்கோ லேண்ட் ரோவருக்கோ ஒரு கிளட்ச் பிளேட், ஒரு பேரிங், ஒரு ஆயில் சீல் தேவைப்பட்டால் முதலில் எழும் கேள்வி, எந்த வருட மாடல் என்பதுதான். அதற்குச் சரியான பதில் சொல்லியும் பொருந்தாத சாமான் கைக்கு வந்து சேரும். வண்டியின் வருடம் தெரிந்தால், தொழிற்சாலையில் அதில் எந்த கியர் பாக்ஸ் ஏறியது என்று தெரியும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த வண்டி எத்தனை கைகள் மாறியது, எந்தக் காட்டுப் பாதையில் பெட்டி உடைந்தது, எதை எடுத்து எதைப் பொருத்தினார்கள் என்பதெல்லாம் ஆர்.சி. புத்தகத்தில் இருக்காது.

அதனால் கியர் பாக்ஸிடமே கேட்க வேண்டும். அது மூன்று வகையில் பதில் சொல்லும்: கூடு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, மேலே என்ன எண் இருக்கிறது, உள்ளே பல்விகிதம் (வெளியே போகும் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்ற இன்ஜின் எத்தனை சுற்று என்ற கணக்கு) என்ன. மூன்றும் ஒரே பெயரைச் சொன்னால் தைரியமாக சாமான் வாங்கலாம். முரண்பட்டால் நான் முதலில் சந்தேகப்படுவது எண்ணைத்தான். கூட்டை மாற்றலாம், தகட்டை மாற்றிப் பூட்டலாம். உள்ளே இருக்கும் பற்களின் கணக்கை மட்டும் யாராலும் மறைக்க முடியாது.

வண்டிக்கு அடியில் போவதற்கு முன்

இந்த வகை வண்டிகளுக்கே உரிய ஓர் ஆபத்து உண்டு. லேண்ட் ரோவர் சீரிஸ், டிஃபெண்டர், ஆரம்பகால ஜீப்புகள், பழைய லேண்ட் க்ரூசர் போன்றவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. கியர் பாக்ஸுக்கு அடுத்துள்ள ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் உள்ள டிரம்மில், அதாவது பின் அச்சுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டில்தான் பிடிக்கும். ஒரு பின்சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கிய உடனே, ஷாஃப்ட் நின்றிருந்தாலும், இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் டிஃபரென்ஷியல் வழியாக தூக்கிய சக்கரம் ஒரு பக்கமும் தரையில் இருக்கும் சக்கரம் மறுபக்கமும் சுழலலாம். வண்டி உருண்டுவிடும். ஹேண்ட் பிரேக் இறுக்கமாக இருக்கிறதே என்று நம்பி அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது.

சமதளம், தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, தூக்கிய பக்கம் ஆக்ஸில் ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது. பேட்டரி இணைப்பையும் கழற்றிவிடுங்கள்.

படி 1: எது கியர் பாக்ஸ், எது ட்ரான்ஸ்ஃபர் கேஸ்

கேட்டால் சின்ன விஷயம் போல இருக்கும். ஆனால் "என் கியர் பாக்ஸ் டானா 300" என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கலாம். டானா 18, டானா 20, டானா 300, என்பி 231 எல்லாம் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பெயர்கள். கியர் பாக்ஸுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, இன்ஜின் சக்தியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுப்பது அது. என்பி 231 போன்றவற்றின் பின்பக்கம் ஒரு வட்டத் தகடு கண்ணில் படுகிற இடத்தில் இருப்பதால், அதையே கியர் பாக்ஸின் எண் என்று குறித்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

இன்ஜினிலிருந்து பின்னால் வாருங்கள். கிளட்சை மூடியிருக்கும் மணி வடிவக் கூடு பெல் ஹவுசிங். அதற்கு அடுத்தது கியர் பாக்ஸ். அதற்கும் பின்னால், இரண்டு பக்கமும் ஷாஃப்ட் கிளம்பும் கூடுதான் ட்ரான்ஸ்ஃபர் கேஸ். சுஸுகி எஸ்ஜே, சமுராய் வண்டிகளில் இந்தக் குழப்பமே வராது. அவற்றில் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் தனியாக நிற்கும், இடையில் ஒரு குட்டி ஷாஃப்ட் இரண்டையும் இணைக்கும். நேர் எதிர் உதாரணம் பழைய ரேஞ்ச் ரோவரின் எல்டி 95. நான்கு கியர் கொண்ட அந்தப் பெட்டியில் ட்ரான்ஸ்ஃபர் பகுதியும் சேர்ந்தே கட்டப்பட்டிருக்கும், எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று தேடினாலும் கிடைக்காது. அந்த ஒட்டுக்கட்டுமானமே அதன் அடையாளம்தான்.

படி 2: ஓட்டுநர் இருக்கையிலிருந்தே தெரிவது

கியர் லீவரின் உருண்டையில் எழுதியிருக்கும் படத்தை நம்பாதீர்கள். இருநூறு வண்டிகளுக்குப் பொருந்தும் பொதுச் சாமான் அது. இன்ஜினை அணைத்து, கிளட்சை மிதித்து, ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்து, எது எங்கே விழுகிறது என்று நீங்களே ஒரு தாளில் வரையுங்கள். ரிவர்ஸ் எங்கே இருக்கிறது என்பதைக் கட்டாயம் குறியுங்கள். சில சமயம் அது ஒன்றே போதும்.

லேண்ட் ரோவரில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 1980களில் வந்த ஐந்து கியர் எல்டி 77 பெட்டியில் ரிவர்ஸ் இடது ஓரம், முன்பக்கம். 1994 முதல் அதன் இடத்தைப் பிடித்த ஆர் 380 பெட்டியில் ரிவர்ஸ் வலது ஓரம், பின்பக்கம், ஐந்தாவது கியருக்கு நேர் கீழே. வண்டிக்கு அடியில் போகாமலேயே வேலை முடிந்தது. (எல்டி 77 என்ற பெயரில் உள்ள 77, உள்ளே இருக்கும் இரண்டு தண்டுகளின் மையங்களுக்கு இடையிலான தூரம், மில்லிமீட்டரில். ஆர் 380இல் உள்ள 380 அது தாங்கும் திருப்புவிசை, நியூட்டன் மீட்டரில்.)

நான்கு கியர் பெட்டி என்றால் முதல் கியரின் குணத்தைக் கவனியுங்கள். முதல் கியரில் வண்டி மனிதன் நடக்கும் வேகத்துக்கே இன்ஜின் அலறுகிறது, சாதாரண சாலையில் எல்லோரும் இரண்டாவதில்தான் கிளப்புகிறார்கள் என்றால், அது லாரி வகையைச் சேர்ந்த கனமான பெட்டி. முதல் கியரில் கிளம்பி இயல்பாக இரண்டாவதுக்குப் போக முடிகிறது என்றால் வேறு குடும்பம். இந்த ஒரு பிரிவே பாதிப் பெயர்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிடும்.

அடுத்தது சின்க்ரோ சோதனை. கியர் விழும்போது பற்கள் மோதாமல் வேகத்தை ஒன்றாக்கும் அமைப்புதான் சின்க்ரோ. இதற்கு வண்டி ஓட வேண்டும், அதனால் ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் செய்யுங்கள். இரண்டாவது கியரில் நடை வேகத்துக்கு இறக்கி, கிளட்சை மிதித்து, லீவரை விரல்களால் மெதுவாக முதல் கியருக்குத் தள்ளுங்கள். சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு விழுந்தால் முதல் கியருக்கும் சின்க்ரோ இருக்கிறது. பல் கடித்துக் கரகரத்தால் உடனே விட்டுவிடுங்கள், அழுத்தாதீர்கள்.

இந்தச் சோதனை ஒரு பக்கமாகத்தான் பேசும். சுத்தமாக விழுந்தால் சின்க்ரோ உண்டு என்று உறுதி. கடித்தால் சின்க்ரோ இல்லை என்றும் இருக்கலாம், இருந்து தேய்ந்துவிட்டது என்றும் இருக்கலாம். ஜீப்பின் டி-90 என்ற மூன்று கியர் பெட்டியில் இரண்டாவது, மூன்றாவது கியர்களுக்கு மட்டுமே சின்க்ரோ. பின்னால் வந்த டி-14, டி-15, டி-150 மூன்று கியர் பெட்டிகளில் முன்னோக்கிய எல்லாக் கியருக்கும் உண்டு. லேண்ட் ரோவரின் இரண்டாம் சீரிஸில் மூன்றாவது, நான்காவதுக்கு மட்டும். 1971இல் வந்த மூன்றாம் சீரிஸில் நான்கிற்கும்.

படி 3: கழுவுங்கள், காந்தம் வையுங்கள்

பல வருட ஆயிலும் மண்ணும் சேர்ந்து விரல் தடிமனுக்கு ஒரு பூச்சு இருக்கும். டீசலும் வயர் பிரஷும் போதும். மேல் மூடி, இரண்டு பக்கவாட்டு, பெல் ஹவுசிங்கைச் சேரும் விளிம்பு, ட்ரான்ஸ்ஃபர் கேஸைச் சேரும் விளிம்பு, இந்த ஐந்து இடங்களும் உலோகம் தெரியுமளவு சுத்தமாக வேண்டும். இன்ஜின் சூடாக இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள்.

பிறகு ஒரு சின்ன காந்தம். பெயின்ட் அடித்துவிட்டால் வார்ப்பிரும்பும் அலுமினியமும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். காந்தத்தை மூடியில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள், பிரதான கூட்டில் வையுங்கள். இரும்புக் கூட்டுக்கு அலுமினிய மூடி போட்ட பெட்டிகள் நிறைய.

1980 முதல் 1986 வரையிலான ஜீப் சிஜே வண்டிகளில் இந்தச் சின்ன வேலை பெரிய பலன் தரும். அந்தக் காலத்தில் அவற்றில் ஏறிய டி-176, நான்கு கியர், வார்ப்பிரும்புக் கூடு, உறுதியான பெட்டி. அதே காலத்தில் எஸ்ஆர்-4, டி-4, டி-5 என்ற அலுமினியக் கூட்டுப் பெட்டிகளும் ஏறின. இவற்றில் டி-5 மட்டும் ஐந்து கியர். ஆக, காந்தம் ஒட்டினால் டி-176 பக்கம் போகலாம்; ஒட்டாமல் ஐந்து கியர் இருந்தால் டி-5; ஒட்டாமல் நான்கு கியர் இருந்தால் எஸ்ஆர்-4 அல்லது டி-4. எஸ்ஆர்-4 1980, 81 வண்டிகளிலும் டி-4 1982க்குப் பிறகும் வந்தவை. பெரிய இன்ஜின் மாற்றி ஏற்றும் எண்ணம் இருந்தால் இந்த வித்தியாசம் உங்கள் பணப்பைக்கே முக்கியம். மூன்று அலுமினியப் பெட்டிகளும் இலகுவான வேலைக்கு ஏற்றவை.

படி 4: கூடு எப்படித் திறக்கிறது

எண்ணைத் தேடுவதற்கு முன் கூட்டின் இணைப்புக் கோடுகளைப் படியுங்கள். கியர் பாக்ஸை உருவாக்குபவர் உள்ளே சாமான்களை எப்படி நுழைக்கிறார் என்பதை அந்தக் கோடுகள் காட்டிவிடும். எந்த எண்ணையும்விட எனக்கு இதில் நம்பிக்கை அதிகம்.

ஒரே வார்ப்பாக ஒரு தொட்டி, அதற்கு மேலே போல்ட் போட்ட மூடி, மூடியிலேயே லீவர் என்றால் பழைய அமெரிக்க பாணி. டி-90, டி-18, என்பி 435, எஸ்எம் 465 எல்லாம் இந்த ரகம். மூடியைச் சுற்றி எத்தனை போல்ட், மூடி சதுரமா, செவ்வகமா, ஒரு மூலை வெட்டியிருக்கிறதா என்று வரைந்துகொள்ளுங்கள். பழைய ஃபோர்ட் பிராங்கோவில் வந்த 3.03 என்ற மூன்று கியர் பெட்டியை அதன் மேல் மூடியின் ஒன்பது போல்ட்டை வைத்தே அடையாளம் சொல்வார்கள். ஒற்றைப்படையில் போல்ட் இருப்பது அரிது என்பதால் மறக்காது.

பக்கவாட்டில் ஆறு போல்ட் போட்ட ஒரு தட்டையான மூடி இருக்கிறதா? அது பி.டி.ஓ. வாய். வின்ச், பம்பு போன்றவற்றை ஓட்ட சக்தி எடுக்கும் வழி. டி-98, டி-18, என்பி 435, எஸ்எம் 465 போன்ற லாரி ரகப் பெட்டிகளில் இது இருக்கும். இலகுரக மூன்று கியர் பெட்டிகளில் தேடினாலும் கிடைக்காது.

1987க்குப் பிறகான ஆறு சிலிண்டர் ஜீப்புகளில் இணைப்புக் கோடே தீர்ப்பு. 1987 முதல் 1989இன் நடுப்பகுதி வரை பிஏ-10/5 என்ற பெஜோ பெட்டி வந்தது. அதன் அலுமினியக் கூடு நீளவாக்கில் இடது பாதி, வலது பாதி என்று இரண்டாகப் பிளந்தது. முதுகெலும்பு போல நடுவில் ஒரு கோடு முன்னிருந்து பின்னாக ஓடும். அதற்கு மாற்றாக வந்த, ஐசின் நிறுவனத்தின் ஏஎக்ஸ்-15இல் கோடுகள் குறுக்கே ஓடும். நடுவில் ஒரு தட்டு, அதன் முன்னும் பின்னும் கூட்டின் இரண்டு துண்டுகள், பெல் ஹவுசிங் தனியாகக் கழலும். 2000இல் வந்த என்வி 3550இல் பெல் ஹவுசிங் கூட்டோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. மூன்றுமே ஐந்து கியர், மூன்றுமே அலுமினியம். ஆனால் டார்ச் அடித்துப் பத்து விநாடி பார்த்தால் பிரித்துவிடலாம். 1989 வண்டி வாங்குபவர்கள் இதைச் செய்யாமல் பணம் கொடுக்கக் கூடாது. பிஏ-10/5க்கு நல்ல பெயர் இல்லை, சாமானும் எளிதில் கிடைக்காது.

படி 5: எண்கள், அவற்றை எவ்வளவு நம்புவது

மூன்று வித எண்கள் உண்டு. ஏதாவது ஒரு போல்ட்டுக்கு அடியில் செருகிய தகரத் தகடு, கூட்டில் அச்சுக் குத்தியது, கூட்டோடு சேர்த்து வார்த்தது.

தகடுதான் மிகத் துல்லியம், அது இன்னும் இருந்தால். முழுப் பெட்டியின் எண் அதில்தான் இருக்கும். டி-5 பெட்டிகளின் தகட்டில் எண் 1352 என்று தொடங்கும். ஆனால் அந்த போல்ட்டைக் கழற்றிய முதல் மெக்கானிக்கோடு தகடும் போய்விடுவது வழக்கம்.

வார்ப்பில் எழும்பி நிற்கும் எண் அந்தக் கூட்டுக்கானது, உள்ளிருக்கும் கியர்களுக்கானது இல்லை. ஒரே கூட்டை இரண்டு மூன்று விதமான பல்விகிதங்களோடு விற்றார்கள். டி-90 என்று வார்ப்பில் தெளிவாகப் படிக்க முடிந்தாலும், அதன் முதல் கியர் 2.80ஆக இருக்கலாம், டி-90சி ரகமாக இருந்தால் 3.34ஆக இருக்கலாம். டி-18இல் 6.32 முதல் கியர் உள்ளதும் உண்டு, 4.02 உள்ளதும் உண்டு. எண்ணைப் படித்ததோடு நிறுத்திவிட்டால் தவறான கியர் செட் வந்து சேரும்.

ஃபோர்ட் வண்டியிலிருந்து வந்த பெட்டி என்றால் எண்ணின் நடுவில் 7006 இருக்கிறதா என்று பாருங்கள். கியர் பாக்ஸ் கூடு என்ற சாமானுக்கு ஃபோர்ட் வைத்த அடிப்படை எண் அது. அதற்கு முன்னால் உள்ள முதல் எழுத்து பத்தாண்டைச் சொல்லும்: ஆங்கில அகரவரிசையின் மூன்றாவது எழுத்து 1960கள், நான்காவது 1970கள், ஐந்தாவது 1980கள். அடுத்த இலக்கம் அந்தப் பத்தாண்டுக்குள் எந்த வருடம் என்பது. அது அந்த வடிவமைப்பு உருவான வருடம், இந்தப் பெட்டி தயாரான வருடம் இல்லை. 1974 எண் கொண்ட கூடு 1978 வண்டியில் தொழிற்சாலையிலிருந்தே வந்திருக்கலாம்.

டொயோட்டாக்காரர்களுக்கு வேலை சுலபம். இன்ஜின் அறையில் இருக்கும் தகட்டில் கியர் பாக்ஸ் குறியீடும் ஆக்ஸில் குறியீடும் சேர்த்தே அச்சாகியிருக்கும். நான்கு சிலிண்டர் ஹைலக்ஸில் டபிள்யூ 56 அல்லது ஜி 52, ஆறு சிலிண்டரில் ஆர் 150 என்பது போல. மேலே சொன்ன ஏஎக்ஸ்-15க்கு ஆர் 150ம், நான்கு சிலிண்டர் ஜீப்பின் ஏஎக்ஸ்-5க்கு ஜி 52ம் உறவுக்காரர்கள். எல்லாமே ஐசின் குடும்பம். இந்த உறவு தெரிந்தால் சில உள் சாமான்களைத் தேடும் வட்டம் பெரிதாகும்.

எண் மங்கலாக இருந்தால் சாக்பீஸைப் பக்கவாட்டில் வைத்துத் தேய்த்து, டார்ச்சைச் சரிவாக அடித்து, செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். தேய்ப்பதற்கு முன்பே ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

படி 6: பல்விகிதத்தை எண்ணுங்கள்

இதுதான் கடைசி நீதிமன்றம். பெட்டியைத் திறக்காமல், விசேஷக் கருவி இல்லாமல், ஒரு மணி நேரத்தில் முடியும். தத்துவம் இதுதான்: முதல் கியரில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்ற இன்ஜின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ, அதுவே முதல் கியரின் விகிதம்.

1. முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இரண்டு பின்சக்கரங்களையும் தூக்கி ஆக்ஸில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாக இருந்தால் நான்கையும் தூக்கி, முன், பின் அச்சுகளுக்கு நடுவில் உள்ள சென்டர் டிஃபரென்ஷியலின் லாக்கைப் போட வேண்டும்.

2. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுங்கள். க்ளோ பிளக் உள்ள டீசல் என்றால் அவற்றை. அமுக்கம் இல்லாவிட்டால் இன்ஜினைக் கையால் சுலபமாகச் சுற்றலாம். ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள்.

3. ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ஹை ரேஞ்சில் (சாதாரண சாலையில் ஓட்டும் நிலை), பின்சக்கர ஓட்டத்தில் இருக்கட்டும்.

4. ஷாஃப்டில் ஒரு சாக்பீஸ் கோடு, அதற்கு நேராக அசையாத இடத்தில் ஒரு கோடு. முன்னால், இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கிராங்க் புல்லியிலும் அதேபோல்.

5. முதலில் டாப் கியர், அதாவது கியர் பாக்ஸின் இரண்டு முனையும் ஒரே வேகத்தில் சுற்றும் நேரடி கியரைப் போடுங்கள். மூன்று கியர் பெட்டியில் மூன்றாவது, மற்றவற்றில் பெரும்பாலும் நான்காவது. புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு இன்ஜின் சுற்றும் திசையிலேயே சுற்றுங்கள். தளர்ச்சி போய் ஷாஃப்ட் அசையத் தொடங்கிய பிறகு எண்ணத் தொடங்குங்கள். ஷாஃப்ட் பத்துச் சுற்று முடிக்கும்வரை புல்லி எத்தனை சுற்று என்று குறியுங்கள்.

6. பிறகு முதல் கியரைப் போட்டு, அதேபோல் ஷாஃப்டின் பத்துச் சுற்றுக்கு எண்ணுங்கள். முதல் கியரின் எண்ணை டாப் கியரின் எண்ணால் வகுத்தால் விடை.

ஐந்தாவது வேலை எதற்கு என்று தோன்றலாம். எல்லா ட்ரான்ஸ்ஃபர் கேஸும் ஹை ரேஞ்சில் ஒன்றுக்கு ஒன்று கிடையாது. பெரும்பாலான ஜீப், டொயோட்டா வண்டிகளில் அப்படித்தான், பத்துக்குப் பத்து வரும். லேண்ட் ரோவர் சீரிஸில் ஹை ரேஞ்சே சுமார் 1.15. அங்கே பத்துச் சுற்றுக்குப் பதினொன்றரை வரும். பின்னால் வந்த எல்டி 230 ட்ரான்ஸ்ஃபர் கேஸில் வண்டிக்குத் தகுந்தபடி 1.22, 1.41 என்று மாறும். டாப் கியரை முதலில் எண்ணி வகுத்துவிட்டால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் எதுவானாலும் கவலையில்லை. அதன் விகிதமும் இலவசமாகத் தெரிந்துவிடும்.

பத்துச் சுற்று எண்ணச் சொல்வதற்கும் காரணம் உண்டு. கனமான நான்கு கியர் பெட்டிகளின் முதல் கியர்கள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கம். டி-18க்கு 6.32, டி-98க்கு 6.40, எஸ்எம் 465க்கு 6.55, என்பி 435க்கு 6.69, எஸ்எம் 420க்கு 7.05. ஒரே சுற்றுக்கு எண்ணினால் எல்லாமே "ஆறரை மாதிரி" தெரியும். பத்துக்கு எண்ணினால் முறையே 63, 64, 65½, 67, 70½ என்று விலகி நிற்கும். முதல் இரண்டுக்கும் நடுவில் மட்டும் ஒரு சுற்றுக்குள்தான் வித்தியாசம். அங்கே வருடம் கை கொடுக்கும்: 1960களின் நடுவில்தான் டி-98இன் இடத்துக்கு டி-18 வந்தது.

மூன்று கியர் ஜீப் பெட்டிகளில் பத்துச் சுற்றுக்கு 28 வந்தால் வழக்கமான டி-90, 33½ வந்தால் டி-90சி, 31 பக்கம் வந்தால் டி-14, 30க்குச் சற்றுக் குறைந்தால் டி-150.

இந்தச் சோதனையின் அருமை தெரிவது லேண்ட் க்ரூசரில். நான்கு கியர் எச் 41, எச் 42 இரண்டையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரிக்க முடியாது. முதல் கியரோ ஒன்றில் 4.93, மற்றொன்றில் 3.56. மலைச்சரிவில் இறங்கும்போது இரண்டும் இரண்டு வேறு வண்டி. பத்துச் சுற்றுக்கு 49ஆ, 36ஆ என்று எண்ணினால் சந்தேகமே இல்லை. ஐந்து கியர் எச் 55எஃப் 4.84 என்று எச் 41க்கு நெருக்கமாக வரும், ஆனால் ஐந்தாவது கியர் காட்டிக்கொடுத்துவிடும்.

விகிதமும் கைவிடும் இடங்கள் உண்டு. எஸ்ஆர்-4க்கு 4.07, டி-4க்கும் டி-5க்கும் 4.03. ஜீப்பின் டி-150, ஃபோர்டின் 3.03 இரண்டுமே 2.99. ஏஎக்ஸ்-5க்கு 3.93, ஏஎக்ஸ்-15க்கு 3.83. இங்கெல்லாம் நான்காம் படியில் வரைந்த கூட்டின் படத்துக்கும் கியர் எண்ணிக்கைக்கும்தான் திரும்ப வேண்டும்.

படி 7: பெட்டி தனியாகக் கிடந்தால்

கழற்றிய பெட்டியை வாங்கப் போகிறீர்கள் என்றால் அளவு நாடாவும் வெர்னியர் காலிப்பரும் எடுத்துப் போங்கள். முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் உள்ளீட்டுத் தண்டின் பற்களை எண்ணி, அதன் விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஏஎக்ஸ்-5இல் ஒரு அங்குலத் தண்டு, 14 பல். ஏஎக்ஸ்-15இல் 1⅛ அங்குலம், 10 பல். பின்பக்கம் வெளியீட்டுத் தண்டில் முதலாவதற்கு 21, இரண்டாவதற்கு 23. எண்ணத் தொடங்கும் பல்லில் மார்க்கர் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒன்று கூடும் அல்லது குறையும்.

கூட்டின் நீளத்தையும் முன் விளிம்பிலிருந்து பின் விளிம்புவரை அளங்கள். 1947 முதல் 1967 வரை வந்த ஜெனரல் மோட்டார்ஸின் எஸ்எம் 420 சுமார் 27 செ.மீ.தான், அதன் பிறகு வந்த எஸ்எம் 465 சுமார் 30 செ.மீ. சின்ன வண்டிக்காரர்கள் பழைய 420ஐத் தேடி அலைவதற்கு அந்த மூன்று சென்டிமீட்டரும் ஒரு காரணம். பின் ஷாஃப்ட் அவ்வளவு நீளமாகக் கிடைக்கும். தூக்கிப் பார்க்கும்போது ஆள் துணை வேண்டும். இரும்புக் கூட்டு நான்கு கியர் பெட்டிகள் 60 முதல் 80 கிலோ வரை இருக்கும்.

நியூட்ரலில் உள்ளீட்டுத் தண்டைச் சுற்றினால் வெளியீடு சுற்றக் கூடாது. பிறகு முதல் கியரில் போட்டு, ஆறாம் படியில் செய்த அதே கணக்கை இங்கே நேரடியாகச் செய்யலாம். மேல் மூடியைத் திறக்க விற்பவர் சம்மதித்தால் பற்களையே எண்ணிவிடலாம். உள்ளீட்டு கியர், அது ஓட்டும் கீழ்த்தண்டின் பெரிய கியர், கீழ்த்தண்டின் முதல் கியர் பல்வரிசை, மேல்தண்டின் முதல் கியர், இந்த நான்கு எண்ணிக்கை போதும். இரண்டாவதை முதலாவதால் வகுத்து, நான்காவதை மூன்றாவதால் வகுத்து, இரண்டு விடைகளையும் பெருக்கினால் விகிதம்.

மாற்றி ஏற்றியதன் தடயங்கள்

கிடைத்த பெயர் அந்த வண்டிக்கும் வருடத்துக்கும் ஒத்துவரவில்லையா? பதறாமல் சுற்றிலும் பாருங்கள். கியர் பாக்ஸுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் நடுவில், அல்லது ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கு முன்னால், தடிமனான ஒரு அடாப்டர் தட்டு இருக்கலாம். குறுக்குச் சட்டத்தில் புது வெல்டிங், சேஸியில் பயன்படாமல் நிற்கும் பழைய துளைகள், வெட்டி ஒட்டிய தரைத்தகடு, லீவர் நடுவை விட்டு விலகி வெளிவருவது, நீளம் குறைத்து வெல்டு செய்த ஷாஃப்ட், ஸ்டீயரிங் தண்டில் லீவர் இருந்ததற்கான வெறும் பிடிகள் என்று ஏதாவது ஒன்று அகப்படும். இப்படிப்பட்ட வண்டியில் கிளட்ச் பிளேட் கியர் பாக்ஸைப் பார்த்தும், பிரஷர் பிளேட் ஃப்ளைவீலைப் பார்த்தும் தேர்வாகியிருக்கும். இரண்டும் ஒரே வண்டியின் சாமானாக இருக்காது. தனித்தனியாக அளந்து வாங்குங்கள்.

பெயர் தெரியும்வரை ஆயில் ஊற்றாதீர்கள்

கியர் பாக்ஸ் என்றாலே கெட்டியான கியர் ஆயில் என்ற பழக்கம் இங்கே காலை வாரும். எல்டி 77க்கு ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் பெட்டிகளுக்கு ஊற்றும் சிவப்புத் திரவம். ஆர் 380க்கு எம்டிஎஃப் 94 என்ற தனி ஆயில். வெளித்தோற்றத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் இரண்டு பெட்டிகள், இரண்டு வேறு ஆயில். பித்தளை சின்க்ரோ வளையம் உள்ள பழைய பெட்டிகளில் ஜிஎல்-5 தர கியர் ஆயிலின் சில வகைகள் பித்தளையை அரிக்கும் என்பதால், தயாரிப்பாளர் ஜிஎல்-4 சொல்லியிருந்தால் அதையே ஊற்றுங்கள். ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஆயிலின் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். முந்தைய உரிமையாளருக்கும் பெட்டியின் பெயர் தெரிந்திருக்கும் என்று என்ன நிச்சயம்?

வடிகட்டுவதற்கு முன், ஆயில் ஊற்றும் பிளக்கைத்தான் முதலில் கழற்ற வேண்டும். அது இறுகிப்போய் வர மறுத்தால், கீழே வடிந்த ஆயிலுக்குப் பதில் ஊற்ற வழியில்லாமல் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். வடிந்ததை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். பித்தளை மினுமினுப்பு இருந்தால் சின்க்ரோ தேய்கிறது, இரும்புத் துகள் காந்தத்தில் கொத்தாக ஒட்டினால் பேரிங் அல்லது பல் உடைகிறது. அந்த நிலையில் ஆயில் மட்டும் மாற்றிப் பயனில்லை. பெட்டியின் பெயர், முதல் கியர் விகிதம், தண்டுகளின் பல் எண்ணிக்கை மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு ரிப்பேர் கிட் தேடத் தொடங்கலாம்.